கிராசிந்தா வீட்டுப் பீடம்

ஆளில்லாத ஊர்களைப் பார்ப்பதற்கென்றே காசு கட்டிக் கப்பலேறி வருகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கப்பலில் பரிமாறுகிற ரெமிஜியு அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்துகொண்டு போயிருக்கிறான். ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஊர். வைரம் தீர்ந்ததும் சனம் கிளம்பிப் போய்விட, வீட்டுக்குள் இடுப்பளவு மணல் வந்து குடியிருந்தது. பயணிகள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள், கிசுகிசுவென்று பேசினார்கள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு படம், ஒரு பெருமூச்சு. 'மே மாசம் எங்க ஊருக்கு வந்து பாருங்கய்யா' என்று ரெமிஜியுவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'உன் வீடு எது' என்று கேட்டிருப்பார்கள். அதற்கு அவனிடம் பதில் கிடையாது.

அவன் ஊர் குர்மணே. கோவாவின் தென்கோடியில், அணை கட்டியபோது முழுகிப்போனது. பதினோரு மாதம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், மே மாதம் மட்டும் மேலே வரும். பேய் ஊர் என்று பேப்பர்காரர்கள் எழுதுகிறார்கள். அவர்களைப் பிடித்துவந்து திருவிழா ஞாயிற்றுக்கிழமை அங்கே நிறுத்த வேண்டும். நாற்பது ஸ்கூட்டர், பத்துப் பன்னிரண்டு வேன், ஒரு பேண்டு செட்டு, ஒரு ஐஸ் வண்டி, அண்டா நிறையக் கொதிக்கிற பன்றிக்கறி. எந்தப் பேய் அந்த இரைச்சலைத் தாங்கும்? முதல் நாளே மூட்டையைக் கட்டிவிடும்.

கூரை கிடையாது, சுவர் கிடையாது. செம்மண் கல்லில் கட்டிய அடித்தளமும் சிவப்புச் சிமெண்டுத் தரையும்தான் மிச்சம். அது போதும் சனத்துக்கு. ஒவ்வொரு குடும்பமும் தன் தரையின் சேற்றை வழித்து, கழுவி, பாய் விரித்து உட்கார்ந்துவிடும். இல்லாத சுவரை யாரும் தாண்ட மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போய் வாசல் இருந்த இடத்தில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டு, வரச் சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார்கள். ஒருமுறை ஐஸ் வண்டிக்காரன் தெரியாமல் ஒரு வீட்டுச் சுவர் வழியாகப் போய்விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றைக்கும் பேச்சு.

அப்படித் தரை தெரியாத குடும்பம் ஒன்றே ஒன்று. ரெமிஜியுவின் குடும்பம். ஊர் முழுகியபோது அவனுக்கு நாலு வயது. தண்ணீர் முதல்முதலாக இறங்கி, சனம் ஓடிப்போய் அவரவர் தரையில் விழுந்து அழுத வருஷம் அவன் அப்பா காய்த்தான் குவைத்தில் இருந்தார். அவர் திரும்பிய பிறகு ரெமிஜியு கப்பலுக்குப் போய்விட்டான், ஒரு மே மாதம்கூட லீவு கிடைக்கவில்லை. காய்த்தான் இரண்டு தடவை தனியாகப் போய்த் தேடிவிட்டு, தரையைக் காணாமல், ஊரையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு முழங்கால் போய்விட்டது.

இந்த வருஷம் தேடியே தீரவேண்டிய நெருக்கடி. அந்தோணியார் கோயில் திருவிழாவை வருஷத்துக்கு ஒரு குடும்பம் எடுத்துச் செய்யும். செய்கிறவருக்குப் பெஸ்தகார் என்று பெயர். பேண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்து வாசிக்கும், ஊர் முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும். அடுத்த பெஸ்தகார் காய்த்தான் என்று கோயிலில் அறிவித்த வருஷம்தான் அணையின் மதகை அடைத்தார்கள். காய்த்தானின் முறை தண்ணீரோடு போயிற்று. பல வருஷம் கழித்து மறுபடி சீட்டுக் குலுக்கி வரிசை போட்டதில், அவர் பெயர் இப்போதுதான் வந்திருந்தது. இருபத்தாறு குடும்பம். இதை விட்டால் அடுத்த முறை அவருக்கு நூற்றாறு வயதில் வரும்.

சட்டம் ஒன்று இருந்தது: பெஸ்தகார் தன் சொந்தத் தரையில்தான் பந்தி போட வேண்டும். சனிக்கிழமை சாயங்கால ஜெபத்துக்குள் தரையைக் காட்டி அதில் ஓலைத் தோரணம் கட்டவில்லை என்றால் முறை அடுத்த குடும்பத்துக்குப் போகும். சட்டம் போட்டவள் ஊரையே அதட்டுகிற கிராசிந்தா. சும்மா போடவில்லை. எட்டு வருஷம் முன்பு ஒரு புண்ணியவான் மின்விசிறி வைத்த மண்டபத்தில், ஊர் முழுகியவர்களைக் குடிவைத்த புதுக் காலனியிலேயே விருந்தைப் போட்டுவிட, பாதிப் பேர் குர்மணே பக்கமே வராமல் வயிற்றைத் தடவிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அன்றைக்குக் கிராசிந்தா போட்ட சத்தத்தில் பிறந்தது அந்தச் சட்டம்.

ரெமிஜியு லீவு போட்டு, கப்பலில் நாலு பேர் காலைப் பிடித்து, திருவிழாவுக்கு ஆறு நாள் முன்னால் வந்து இறங்கினான். காய்த்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வழி சொன்னார். முழங்கால் போய்விட்டது, காது பாதி போய்விட்டது, நாக்கு மட்டும் முழுசாக இருந்தது.

"மெனினோ வீட்டுப் பலாமரத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பு. அங்கேருந்து கல்லெறி தூரம்."

"பப்பா, மெனினோ செத்து இருபது வருஷம் ஆச்சு. மரம் செத்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"அதுக்கு நான் என்ன பண்றது? நானா வெட்டினேன்?"

"மரம் வேணாம். கல்லு மண்ணுல எதாவது சொல்லு."

"கோயிலுக்குப் பின்னாடி. அடுக்களை வாசல்லேருந்து கிணறு பதினெட்டு எட்டு."

"யார் எட்டு?"

"என் எட்டுடா. வேற யாரு, பாதிரியார் எட்டா?"

அந்த எண்பது வயதுக் காலின் நாற்பது வயது எட்டை எப்படி அளப்பது? ரெமிஜியு ஒரு கயிறும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு சாந்தாராமைக் கூப்பிட்டான். சாந்தாராம் காலனியில் டீக்கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டுத் தரையும் அவர்கள் கோயிலும் குர்மணேயின் மறுகரையில் இருந்தன. அவர்கள் பூஜை போன வாரமே முடிந்துவிட்டதால் ஆள் சும்மா இருந்தான்.

"ஏன்டா கப்பக்காரா, சாவி தொலைஞ்சா உங்க அந்தோணியார் கண்டுபிடிச்சுக் குடுப்பாருன்னு சொல்வீங்களே. வீடு தொலைஞ்சா குடுக்க மாட்டாரா?"

"சாவியே இல்லாம வீட்டை மட்டும் குடுத்தா நான் எப்படிடா திறக்கிறது?"

"கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி ஒரு கேடு!"

மூன்று நாள் சுற்றினார்கள். வெடித்த சேறு காலடியில் மொறுமொறுத்தது. நீர்மட்டம் கீழே போன கரையில் கொக்குகள் நின்றன. கோயிலுக்குப் பின்னால் என்று போனால் அங்கே தரையே கண்ணில் படவில்லை. வருஷா வருஷம் சமையல்காரர்கள் அடுப்புப் போடுகிற இடம் அது. முப்பது வருஷச் சாம்பலும் சேறும் இறுகிக் கிடந்தன. பக்கத்துக் கிணறு ஐந்தே எட்டில் இருந்தது, பதினெட்டு அல்ல. சமையல்காரன் வேறு, "அடுப்புக்கிட்ட கடப்பாரை போட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை பட்டினிதான்" என்று விரட்டினான்.

பதினெட்டு எட்டில் கிணறு உள்ள தரைகள் ஊரில் மூன்று இருந்தன. மூன்றுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதில் ஒன்று கிராசிந்தாவுடையது. அவள் தரையைக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல்? ஐம்பத்தேழு வயது, கணவன் எப்போதோ செத்துவிட்டான், பிள்ளைகள் லண்டனில். அவள் குரலுக்கு மைக்கே வேண்டாம், ஆனாலும் மைக்கை விடமாட்டாள். குர்மணேயிலேயே அழகான தரை அவளுடையதுதான். தேய்த்துத் தேய்த்துச் சிவப்பு பளபளக்கும், ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை அந்தப் பீடம். தரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி, மூன்று படி, படிக்கு மேல் ஒரு கல் மேடை. அதில் மாலை, மெழுகுவர்த்தி, அந்தோணியார் படம். "எங்க வீட்டுல பீடத்துக்குத் தனி அறை இருந்துச்சு" என்பாள். குர்மணேயில் வேறு எந்த வீட்டிலும் பீடத்துக்குத் தனி அறை இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் யார் வாயைத் திறப்பார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் ரெமிஜியு களைத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மாத்திரத்தில் வந்தது சத்தம்.

"ஏய்! எந்திரி! பீடத்துல உக்காந்து பீடி குடிக்கிறியா?"

தண்ணீர் வாளியோடு கிராசிந்தா வந்துகொண்டிருந்தாள்.

"பீடி இல்ல ஆன்ட்டி, சும்மாதான்..."

"சும்மா உக்கார இது என்ன பஸ் ஸ்டாண்டா? முப்பது வருஷமா எங்க மாமியார் ஆத்துமாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துற இடம். கப்பல்ல வெள்ளைக்காரன் கூட இருந்துட்டு வந்தா எங்க உக்காரணும்னு தெரியாதா?"

ரெமிஜியு எழுந்து மேடைக்குப் பின்பக்கமாகக் குதித்தான். குதித்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேடையின் பின்னால், கீழ்ப்பக்கம், ஒரு கல் சரிவு. உள்ளேயிருந்து சாய்வாக வெளியே இறங்குகிற, வழவழப்பான, அகலமான சரிவு.

குர்மணேயைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மூன்று படி ஏறி ஒரு மேடையில் குந்தியிருக்கிறான். கீழே ஒரு சரிவு. சரிவின் முனையில் ஒரு பெரிய கறுப்பு மூக்கு உறுமிக்கொண்டு மேலே பார்க்கிறது. அவன் வழுக்கி அந்தச் சரிவோடு கீழே போகிறான். பன்றிக்கு யார் அதிகம் பயந்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கத்துகிறார்கள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறந்த ஊரைப் பற்றி மற்றவர்களுக்கு மாம்பூ வாசனையும் ஆற்றுக் குளியலும் ஞாபகம் இருக்க, தனக்கு மட்டும், விழுவதைத் தின்னப் பன்றி கீழே காத்து நிற்கிற அந்தக் காலத்துப் பன்றிக் கக்கூஸ் ஏன் ஞாபகம் இருக்கிறது என்று அவன் வெட்கப்படாத நாளில்லை.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் கிராசிந்தா, படியைத் துடைத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. வெயில்."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினான் என்று தெரியாது. வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்த அப்பாவின் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றான்.

"பப்பா, நம்ம கக்கூஸ் எங்க இருந்துச்சு?"

காய்த்தான் முகம் மாறியது. "வீடு கேட்டா வீட்டைக் கேளு. அது எதுக்கு இப்ப?"

"சொல்லு பப்பா."

"அது... கோயிலோட முதுகைப் பார்த்து இருந்துச்சு. ஏறி உக்காந்தா பூசை சத்தம் தெளிவா கேக்கும். அந்த விகாரியார் பிரசங்கத்துல என் பேரைச் சொல்லியே திட்டினாரு, திருப்பிக் கட்டுன்னு. காத்து அடிச்சா பீடத்து ஜன்னலுக்கு வாசம் வருதாம். நான் திருப்பல. அந்தத் திட்டையும் நான் அங்க உக்காந்துதான் கேட்டேன்."

"முதுகைப் பார்த்தா? ஆனா நான் பார்த்தது கோயில் வாசலைப் பார்த்து இருக்கே."

"கோயில் வாசல் ஆத்தைப் பார்த்துதானேடா இருக்கும்?"

"இல்ல, ரோட்டைப் பார்த்து. தகரக் கொட்டகை போட்டாங்களே, அதுல வாசல் ரோட்டுப் பக்கம்."

காய்த்தான் நாற்காலியின் கையைத் தட்டினார். "எந்த மடையன்டா வாசலை மாத்தினான்? இடிஞ்ச கோயிலைத் திருப்பிக் கட்டினா ஊரே திரும்பிப் போகும்ல!"

அவ்வளவுதான் விஷயம். வேன் வந்து நிற்க வசதி என்று கொட்டகையின் வாசலை மறுபக்கம் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தேடிப் போன இரண்டு தடவையும் காய்த்தான் கொட்டகையின் முதுகுப் பக்கத்தையே பழைய முதுகு என்று நம்பிச் சுற்றியிருக்கிறார். காய்த்தானின் 'பின்னாடி' முன்னாடி ஆகிவிட்டது. கிராசிந்தாவின் 'முன்னாடி' பின்னாடி ஆகிவிட்டது.

ரெமிஜியு மெதுவாக, கிராசிந்தா, தரை, மூன்று படி, மாலை, மெழுகுவர்த்தி என்று எல்லாவற்றையும் சொன்னான். காய்த்தான் சிரித்தார். இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "முப்பது வருஷமா? முட்டி போட்டா?" என்று கேட்டு, பதில் கிடைத்ததும் இன்னொரு தடவை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"சொல்லாத."

"என்ன பப்பா?"

"யார்கிட்டயும் சொல்லாத. பாவம் அந்தப் பொண்ணு. ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கிற பொம்பள. பசங்க அவ பின்னாடி பன்னி மாதிரி உறுமுவாங்க. செத்தாலும் விடாதுடா அந்தப் பேரு."

"அப்ப உன் முறை?"

"போகுது போ. ஒரு சாப்பாடுதானே." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அது போதும் எனக்கு."

ஒரு சாப்பாடுதானே என்று சொன்ன குரல் ரெமிஜியுவைப் பிடுங்கித் தின்றது. முப்பத்தேழு வருஷம் முன்பு பெஸ்தகாருக்கென்று தைத்த கோட்டை அப்பா இன்றும் பூச்சி மருந்து உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் கிராசிந்தாவின் பின்னால் ஊர்ப் பையன்கள் உறுமுவதையும் அவனால் நினைத்துப்பார்க்க முடிந்தது. வாயை மூடிக்கொண்டான். சாந்தாராமிடம் மட்டும் சொன்னான். நாற்காலி தூக்க ஓர் ஆள் வேண்டுமே.

சனிக்கிழமை காலை வேன் போகிறவரை போய், மீதியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "இன்னும் கொஞ்சம் மெல்லமா போனா அடுத்த மே மாசம் போயிடலாம்" என்று காய்த்தான் மேலேயிருந்து கிண்டல் வேறு. கிராசிந்தா தன் தரையில் நின்று மாலை கட்டிக்கொண்டிருந்தாள். காய்த்தான் நாற்காலியை நேராகக் கொண்டுபோக விடவில்லை. சுற்றச் சொல்லி, ஒரு மூலையைக் காட்டி, அங்கே இறக்கச் சொன்னார். வாசல் அதுதான். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வரலாமாம்மா?"

"வாங்க மாமா, வாங்க! ஆனா அது வாசல் இல்ல, வாசல் இந்தப் பக்கம். பரவாயில்ல, வாங்க." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "தரை கிடைக்கலையாமே. எனக்கே மனசு கேக்கல. ஆனா சட்டம்னு ஒண்ணு போட்டா எனக்கும் அதேதான், உங்களுக்கும் அதேதான். வாங்க, வந்ததுக்கு எங்க பீடத்துல ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

காய்த்தான் குனிந்து தரையைத் தொட்டார். சிவப்புத் தரையை உள்ளங்கையால் தடவினார். ரெமிஜியு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வாங்க மாமா, நாற்காலியைப் பீடத்துக்கிட்ட போடட்டும்."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"அங்க... எனக்கு ஜெபம் வராது."

"எங்க வீட்டுப் பீடத்துக்கு என்ன குறைச்சல்?"

காய்த்தான் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சாந்தாராம் வானத்தைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், வாயில் துண்டை அடைத்துக்கொண்டான். அப்படியும் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. பன்றி உறுமல் மாதிரியே இருந்தது. காய்த்தான் உடைந்துபோனார். எண்பது வயது உடம்பு நாற்காலியோடு ஆடியது.

கிராசிந்தா மாலையைக் கீழே வைத்தாள். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மக்கு இல்லை.

"என்ன? என்னன்னு சொல்லுங்க. ரெமிஜியு, நீ சொல்லு. அன்னிக்கு வெயில்னு சொன்னியே, அது என்ன வெயில்?"

பொய் சொல்ல வழியில்லை. ரெமிஜியு மேடையின் பின்பக்கம் போய்ச் சரிவைக் காட்டினான். மெழுகு இறுகியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக் கால் வைக்கிற இரண்டு கல்லையும் காட்டினான். கோயில் வாசல் திரும்பிய கதையைச் சொன்னான். பன்றியையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் காது சிவந்தது.

கிராசிந்தா மூன்றாவது படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இனி என்ன ஆகப்போகிறதோ என்று ரெமிஜியு நின்றான். திட்டினால்கூடப் பரவாயில்லை, அழுதுவிட்டால்?

"எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். குரல் அவள் குரலாகவே இல்லை. "கக்கூஸ்னு தெரியாது. ஆனா என் வீடுதானான்னு எனக்கு என்னைக்குமே நிச்சயமில்ல. கல்யாணமாகி நாலு மாசம்தான் இந்த ஊர்ல இருந்தேன். சிவப்புத் தரை, மூணு படி வச்ச பீடம், கோயிலுக்கு முன்னாடி, அவ்வளவுதான் ஞாபகம். தண்ணி இறங்கறதுக்குள்ள அவரும் மாமியாரும் போயாச்சு, கேக்க ஆள் இல்ல, கோயிலும் இடிஞ்சு கிடந்ததுல எது முன்னாடின்னு தெரியல. தண்ணி இறங்கின அன்னிக்கு எல்லாரும் ஓடிப்போய் அவங்கவங்க வீட்டுல விழுந்து அழுதாங்க. நான் மட்டும் நடுவுல நிக்கிறேன். அழறதுக்கு எனக்கு ஒரு இடம் இல்ல. மூணு படியைப் பார்த்தேன். சரி இதுதான்னு உக்காந்து அழுதுட்டேன். அழுத பிறகு எப்படி மாத்திச் சொல்றது?"

காய்த்தான்தான் வாயைத் திறந்தார். "நீ அழுததுல தப்பில்லம்மா. நானும் அங்க உக்காந்து நிறைய அழுதிருக்கேன். மிளகாய் அதிகமான நாளெல்லாம்."

கிராசிந்தா அவரைப் பார்த்தாள். வாய் கோணியது. பிறகு சிரித்தாள். படியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கொக்குகள் பறந்துபோயின. "மாமா! என் மாமியார்! என் சமையலை முகர்ந்து பார்த்துட்டு முகத்தைச் சுளிப்பாளே அந்தப் பொம்பள! முப்பது வருஷமா அவளுக்கு இங்கதான் மெழுகுவர்த்தி! ஐயோ அந்தோணியாரே, சரியான இடத்துலதான் வச்சிருக்கேன்!"

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என் வீடு எங்க?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

காய்த்தான் யோசிக்கவே இல்லை. கோயில் கொட்டகைக்கு மேலாகக் கையை நீட்டினார். "ஆத்துப் பக்கம். பழைய வாசலுக்கு நேர் எதிர. கிணறு அஞ்சு எட்டு. அதோ புகை வருது பாரு, அடுப்புப் போட்டிருக்கான்ல, அதான்."

கிராசிந்தா எழுந்து ஓடினாள். ஐம்பத்தேழு வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ரெமிஜியு கடப்பாரையோடு பின்னால் ஓடினான். சமையல்காரன் கத்த வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சாம்பலையும் சேற்றையும் ஒரு முழம் வெட்டியதும் சிவப்பு தெரிந்தது. சமையல்காரர்கள் அண்டா இறக்கிவைக்க வசதியாக இருந்த கரிபிடித்த திண்டைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். படி. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது படியின் விளிம்பில் நீல ஓடு பதித்திருந்தது. கிராசிந்தா அதைத் தொட்டுப் பார்த்து, "இதுதான், இதுதான்" என்றாள். மூச்சு வாங்கியது. முப்பது திருவிழாவுக்கு ஊர் மொத்தமும் சாப்பிட்டது அவள் வீட்டில் கொதித்த சாப்பாடு. அவள் அதே வரிசையில் நின்று, உப்புக் குறைவு என்று சமையல்காரனைத் திட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அடுப்பை எடுத்துடட்டுமா அம்மா?" என்றான் சமையல்காரன் பயந்துபோய்.

"எடுத்தா கையை ஒடைப்பேன். என் வீட்டு அடுப்பு. எரியட்டும்."

அன்று சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் காய்த்தான் தரையில் ஓலைத் தோரணத்தை அவளே நின்று கட்டவைத்தாள். மறுநாள் பூசை முடிந்ததும் கிராசிந்தா மைக்கைப் பிடித்தாள். "என்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு இருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. நானே சொல்றேன், அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரிங்க" என்று ஆரம்பித்து, சரிவு, கால் வைக்கிற கல், மாமியார் ஒன்று விடாமல் சொன்னாள். சனம் கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தது. அவளே சொல்லிவிட்ட பிறகு யார் எதை உறுமுவது? உறுமிய ஒரே ஆள் காய்த்தான்தான், அதுவும் நாற்காலியிலிருந்து, சட்டப்படி தன் சொந்தத் தரையில்.

முப்பத்தேழு வருஷக் கோட்டு தோளில் தொளதொளத்தது, வயிற்றில் பொத்தான் ஏறவில்லை, பூச்சி மருந்து உருண்டை வாசம் அடித்தது. பேண்டு செட்டு வாசலில் நின்று வாசித்தது. தோரணத்துக்குக் கீழே பந்தி உட்கார்ந்தது. கள் விட்டுப் புளிக்கவைத்து இட்லி போல அவித்த சான்னமும் பன்றிக்கறியும் அடுப்பிலிருந்து நேராக வந்துகொண்டே இருந்தன. முதல் தட்டு காய்த்தானுக்கு. ஒரு வாய் சாப்பிட்டார், அழுதார், மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரெமிஜியு ஓடி ஓடிப் பரிமாறினான். கப்பலில் பதினெட்டு வருஷம் அந்நியர்களுக்குப் பரிமாறிய கைதான் அது. இன்றைக்குத்தான் தன் வீட்டில் பரிமாறுகிறான் என்ற நினைப்பே அவனுக்குப் போதையாக இருந்தது, முந்திரிப்பழச் சாராயமான பெனி வேறு இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது.

அடுப்படியில் எல்லோருக்கும் அனுப்பி முடித்துவிட்டுக் கிராசிந்தா கடைசியாக வந்தாள். முகமெல்லாம் கரி. முப்பது வருஷம் தான் கழுவிய தரைக்கு வந்தவள், நேராக ஏறாமல், சுற்றிக்கொண்டு போய், காய்த்தான் நேற்று காட்டிய மூலையில் நின்றாள்.

"உள்ள வரலாமா?"

பந்தி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"இது என்ன கேள்வி?" என்றார் காய்த்தான், வாயில் சான்னத்தோடு. "முப்பது வருஷமா சாவி உன்கிட்டதானேம்மா இருக்கு."

கிராசிந்தா கையிலிருந்த கரண்டியோடு உள்ளே வந்தாள்.